பிரிவது என்று முடிவான பிறகு: பெரியவர்கள் பேச்சா, வழக்கா, சமரச மையமா?

என் பெரியம்மா மகள் கணவரைப் பிரிந்தபோது ஒரே விஷயத்தை மூன்று இடங்களில் பேசினோம். முதலில் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் முன்னால், அப்புறம் குடும்ப நல நீதிமன்றத்தில், கடைசியாக, நடுநிலையான ஒருவர் (சமரசர்) இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைக்கும் சமரச மையத்தில். மூன்றுக்கும் அக்காவோடு கூடப் போனேன். இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பெரியவர்கள் பேச்சில் செலவில்லை. எந்த நகையை யார் போட்டார்கள் என்பதற்கு அங்கேயே சாட்சி இருக்கும். ஆனால் பேசியதெல்லாம் மாமாவும் சித்தப்பாவும்தான். அக்கா அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருவர், “முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிடலாம், கோர்ட்டு எதுக்கு?” என்றார். இதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். சாதி வழக்கப்படி அப்படி ஒரு விடுதலை முறை இருப்பதாக நிரூபிக்க முடிந்தால் தவிர, அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றம் வந்து நிற்கும்.

அடுத்து வழக்கு. பிரிவு 13-ன் கீழ் கொடுமை, கைவிட்டுப் போனது என்று ஏதாவது ஒரு காரணத்தை நிரூபித்தாக வேண்டும். அதனால் மனுவே குற்றப் பட்டியலாகத் தொடங்குகிறது. அத்தான் தரப்பு மனுவைப் படித்த அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை. பதில் மனுவில் நாங்களும் அப்படித்தான் எழுதினோம். பிறகு வாய்தா மேல் வாய்தா. ஆனாலும் வழக்கின் பலம் வேறு எங்கும் கிடைக்காது. இடைக்கால ஜீவனாம்சம் கொடு என்று உத்தரவு போட நீதிமன்றத்தால்தான் முடியும். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது. அடி உதை இருந்தாலோ, எதிரே உட்காரவே பயமாக இருந்தாலோ சமரசத்தை முதல் வழியாக நினைக்க வேண்டாம். 2005-ம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி பாதுகாப்பு உத்தரவு வாங்குவதுதான் முதல் வேலை.

அந்த மாதிரி பயம் இல்லாத இடத்தில், என் கண்ணால் பார்த்த வரை, சமரசம்தான் மேல்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-ல் தொடங்கிய மையம்தான் நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம். இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் உண்டு. நீதிமன்றம் அனுப்பி வைக்கும் வழக்குக்குக் கட்டணம் கிடையாது. அங்கே போனால் ‘சேர்ந்து வாழுங்கள்’ என்று அழுத்துவார்கள் என்று அக்கா பயந்தாள். அது தவறான எண்ணம். சேர்வதைப் பற்றிச் சமரசர் ஒருமுறை கேட்டார், இருவரும் முடியாது என்றதும் ‘சரி, பிள்ளையைப் பற்றிப் பேசலாம்’ என்று நகர்ந்துவிட்டார். அங்கே பேசியது வெளியே போகாது. தீர்ந்தால் ஒப்பந்தமும், தீராவிட்டால் ‘தீரவில்லை’ என்பது மட்டும்தான் நீதிமன்றத்துக்குப் போகும்.

மனுவில் அத்தான் கேட்டிருந்தது, குழந்தையைப் பார்க்க மாதம் இரண்டு ஞாயிறு. தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. சனிக்கிழமை காலையில் மகளை நீச்சல் வகுப்புக்கு அவர்தான் கூட்டிப்போவார். அது நின்றுபோனதுதான் அவருக்கு வலி. அக்காவின் பயமோ, அழைத்துப் போனால் திருப்பி விடுவாரா என்பது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாட்டி வீட்டு வாசலில் ஒப்படைப்பது, மதியச் சாப்பாட்டுக்குள் அதே வாசலில் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று முடிந்தது. நீதிபதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், யாருமே மனுவில் எழுதாத நீச்சல் வகுப்பை எப்படி உத்தரவில் எழுதுவார்?

குறையும் உண்டு. சமரசர் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒருவர் எழுந்து போய்விட்டால் அன்றோடு பேச்சு முடிந்தது. பேசி முடித்தாலும் விவாகரத்தை நீதிமன்றம்தான் தர வேண்டும். ஒப்பந்தத்தோடு பிரிவு 13பி-யின் கீழ் பரஸ்பர சம்மத மனு போட வேண்டும். மனு போட ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வரும் வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பேசி முடித்த ஜீவனாம்சப் பணத்தை ஒரே தவணையில் கொடுக்கவோ, முழுவதையும் கடைசிக்குத் தள்ளிவைக்கவோ கூடாது. மனு போடும் நாளில் பாதி, இறுதி வாக்குமூலத்தன்று பாதி என்று டிடியாக வாங்குவது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

சமரசம் என்றால் வக்கீல் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் முதல் வரைவில் ‘சீர்வரிசை நகைகள் அனைத்தும் திருப்பித் தரப்படும்’ என்று ஒரே வரிதான் இருந்தது. அக்காவின் வக்கீல் அதை அடித்துவிட்டு, கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். படத்தைப் பார்த்துப் பார்த்து ஆரம், நெக்லஸ், ஆறு வளையல், ஒட்டியாணம் என்று ஒவ்வொன்றையும் பவுனோடு எழுதினார். லாக்கர் திறக்க வேண்டிய தேதியையும் சேர்த்த பிறகுதான் அக்காவைக் கையெழுத்துப் போட விட்டார்.