நிலம் அளக்க எந்த ட்ரோன்: குவாட்காப்டரா, நிலை இறக்கையா?

நில அளவைத் தொழிலுக்கு ட்ரோன் வாங்குகிறவர்கள் கடைசியில் குழம்பி நிற்பது, நான்கு சுழலிகளால் பறக்கும் குவாட்காப்டருக்கும் விமானம்போல் அசையாத இறக்கை கொண்ட நிலை இறக்கை ட்ரோனுக்கும் நடுவில்தான்.

பறக்கும் நேரம்
குவாட்காப்டர்: மேவிக் 3 எண்டர்பிரைஸ் அதிகபட்சம் 45 நிமிடம். காற்றடித்தால் இன்னும் குறையும்.
நிலை இறக்கை: இபீ எக்ஸ், பெரிய பேட்டரியோடு 90 நிமிடம் வரை. எடையை இறக்கையே தாங்குவதால் மோட்டாருக்கு வேலை குறைவு.

இறங்கும் இடம்
குவாட்காப்டர்: மொட்டை மாடி போதும்.
நிலை இறக்கை: வயிறு தரையில் உரச இறங்கும். தடையில்லாத திறந்தவெளி வேண்டும். வாங்கும்போது பலர் யோசிக்காத விஷயம் இது. சுற்றிலும் தென்னந்தோப்பு என்றால் இதை இறக்குவதே பெரும்பாடு. செங்குத்தாக ஏறி இறங்கும் விடிஓஎல் வகையில் இந்தச் சிக்கல் இல்லை, விலைதான் அதிகம்.

படம்
குவாட்காப்டர்: அந்தரத்தில் நின்று, கேமராவைச் சாய்த்து, கட்டடச் சுவரையும் குவாரி முகத்தையும் எடுக்கும்.
நிலை இறக்கை: நிற்காது. மேலிருந்து எடுக்கும் வரைபடப் படங்களுக்கே ஏற்றது.

விலை
நிலை இறக்கை பல மடங்கு அதிகம்.

துல்லியம் இரண்டிலும் கிடைக்கும். ஆர்டிகே (பறக்கும்போதே ஜிபிஎஸ் இடப்பிழையைத் திருத்தும் வசதி) இருந்தாலும், தரையில் இடம் துல்லியமாக அளந்து குறித்த சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்துச் சரிபார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

மனை, கட்டுமானம், குவாரி, கூடவே வான்வழிப் படப்பிடிப்பு என்றால் குவாட்காப்டர். நூற்றுக்கணக்கான ஏக்கர், நீண்ட கால்வாய், சாலைத் தடம் என்று அடிக்கடி வேலை வந்தால் மட்டும் நிலை இறக்கைக்குப் போங்கள்.