பூஞ்சை பிடித்த பழைய காகிதங்களுக்கு ஊரில் கிடைக்கும் சிகிச்சை: ஒரு பயண அனுபவம்

காரைக்குடிப் பக்கத்தில் வீட்டைப் பூட்டி வைத்துவிட்டுச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்கிற குடும்பங்களுக்குக் கரையானுக்கு அடுத்த பெருந்தொல்லை, சுவரில் மாட்டிய படங்களிலும் பெட்டகத்தில் வைத்த தாள்களிலும் ஏறும் பழுப்புப் புள்ளியும் பூஞ்சையும்தான். இந்த முறை ஊருக்குப் போனபோது அவற்றைச் சரிசெய்பவர்கள் யார், அவர்கள் என்ன செய்கிறார்கள், எதைச் செய்ய நாம் விடக்கூடாது என்று அலைந்து தெரிந்துகொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது தொழில் நடத்திய, காலத்தில் சேர்ந்தவை பல. ரங்கூனில் அஹுஜா நிறுவனம் வெளியிட்ட வண்ண அஞ்சலட்டைகள், பேனா மையில் எழுதிய கடிதங்கள், இரண்டு பேரேடுகள், பிற்காலத்தில் வாங்கிய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதியில்) மாட்டியிருந்த ரவி வர்மா அச்சகத்துக் கடவுள் படங்கள் ஆகியவை இவற்றில் முக்கியமானவை. 1894இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம், நிறத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றிக் கல்லச்சில் அடித்த படங்கள் அவை.

எல்லாம் ஒரே கறை என்றுதான் வீட்டில் சொன்னார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அப்படியில்லை. படங்களின் வெண்பகுதியில் மிளகளவுக்குச் சிதறியிருந்த செம்பழுப்புப் புள்ளிகள் தாளுக்குள்ளேயே ஊறியவை. கூழில் கலந்த இரும்புத் துகளும் நெடுங்கால ஈரமும் சில வகைப் பூஞ்சைகளும் இவ்வகைப் புள்ளிகளுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அஞ்சலட்டைகளின் ஓரத்தில் இருந்ததோ சாம்பல் நிறத்தில் மேலே பூத்த பூசணம். பாட்டுப் புத்தகங்கள் முழுதும் பழுத்திருந்ததற்குக் காரணம் செய்தித்தாள் வகைக் காகிதத்தில் இயல்பாகவே இருக்கும் மரக்கூறு. அந்தப் புத்தகங்களில் தையல் கம்பி துருப்பிடித்த இடத்தில் மட்டும் தாள் பொடிந்திருந்தது. ஒரு லட்சுமி படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றியபோது, பின்னால் வைத்திருந்த பலகையின் மர ரேகை முழுவதும் படத்தின் முதுகில் பழுப்பாக இறங்கியிருந்தது. இத்தனை வகைச் சேதத்துக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது என்பது அந்த முதுகைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

முதலில் உள்ளூரில் படச்சட்டம் போடும் கடை ஒன்றில் விசாரித்தேன். பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கினால் புள்ளி ஒன்றுகூட நிற்காது, பிறகு லேமினேஷன் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று நம்பிக்கையோடு சொன்னார்கள். அந்தப் பவுடரில் உள்ள குளோரின் தாளின் நாரைத் தின்று வலுவிழக்கச் செய்யும். வெளுப்பு சில ஆண்டுகளில் மீண்டும் மஞ்சளாகவும் திரும்பும். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் பிரிப்பது ஏறத்தாழ இயலாத காரியம். ஊருக்கு வருபவர்கள் விடுப்பு முடிவதற்குள் வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் இதற்கு இசைந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

காகிதப் பாதுகாப்பை முறையாகக் கற்றவரைத் தேடித்தான் சென்னைக்குப் போனேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம், செட்டிநாட்டு வீட்டுத் தாள்களைக்கூடக் காப்பாற்ற முடியும் என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உண்டு. தனியார் பொருளுக்கு, இத்துறையில் பயின்று தனியாகத் தொழில் செய்யும் பெண்மணி ஒருவரை நண்பர் வழியாக அடைந்தேன். அவர் விலை பேசுவதற்கு முன், படம் எந்தச் சுவரில் இருந்தது, மழைக்காலத்தில் அந்தச் சுவர் பொரிந்ததா, பூஞ்சையைத் தொட்டால் ஈரமாக இழுவுகிறதா அல்லது பொடியாக உதிர்கிறதா என்று கேட்டார். கறையைப் பற்றிப் பேசும் முன் ஈரத்தைப் பற்றிக் கேட்பவரிடம் பொருளைத் தயங்காமல் ஒப்படைக்கலாம் என்பது என் கருத்து.

உயிருள்ள பூஞ்சை ஈரமாக இருக்கும். அந்நிலையில் துடைத்தால் வித்துகள் தாளுக்குள் இன்னும் அழுந்தும். எனவே அஞ்சலட்டைகளை முதலில் காற்றோட்டமான நிழலில் உலர விட்டார். உலர்ந்து பொடியான பிறகு, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொண்டு, மென்மயிர்த் தூரிகையால் ஒரே திசையில் தள்ளித் தள்ளி, நுண்வடிகட்டி பொருத்திய உறிஞ்சு கருவியின் வாய்க்குள் செலுத்தினார். சாதாரண வாக்குவம் கிளீனர் வித்துகளை அறை முழுவதும் திரும்ப ஊதிவிடும் என்பதால் அதை வீட்டில் யாரும் முயலக்கூடாது. நம் நூலகங்களில் முன்பு வழக்கத்தில் இருந்த, பூஞ்சையைக் கொல்ல இடும் தைமால் என்ற வேதிப்பொருளின் புகையைப் பற்றிக் கேட்டேன். அது உடல்நலத்துக்குக் கேடு, ஈரம் திரும்பினால் பூஞ்சையும் திரும்பும் என்று சொல்லி மறுத்துவிட்டார்.

பழுப்புப் புள்ளிக்கு அவர் எடுத்துக்கொண்டது லட்சுமி படத்தை மட்டுமே. ஒவ்வொரு நிறத்திலும் ஓரத்தில் ஊசிமுனையளவு நீர் வைத்து, ஒற்றுத்தாளை அழுத்தி, நிறம் இறங்குகிறதா என்று சோதித்தார். கல்லச்சின் எண்ணெய் மை அசையவில்லை. பிறகு சிறிதளவு சுண்ணச் சத்துச் சேர்த்த தூய நீரில் நனைத்த ஒற்றுத்தாள்களின் மேல் படத்தைக் கிடத்த, மஞ்சள் நிறம் கீழ்த்தாளில் தேநீர்க் கறைபோல இறங்கியதை நான் பார்த்தேன். தாள் மாற்றி மாற்றி வைத்ததில் மரத்தின் ரேகை மங்கியது. புள்ளிகள் வெளிறின, ஆனால் மறையவில்லை. இன்னும் வெளுக்க வைப்பது தாளை வருத்தும் என்று அந்த இடத்தில் நிறுத்தினார். எனக்கும் அது போதும். நூறாண்டுத் தாளுக்கு நேற்று அடித்த வெண்மை வேண்டியதில்லை. பேனா மைக் கடிதங்களையும் அஞ்சலட்டைகளையும் நீரில் நனைக்க அவர் ஒப்பவே இல்லை.

கட்டணம் தாள் கணக்கில் இல்லை, வேலை நேரத்தைப் பொறுத்தது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு நிலை அறிக்கை ஒன்றும் எழுதித் தருகிறார். இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடுப்புக்குள் முடியும் வேலையும் இல்லை இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போகாமல் தை பிறந்த பிறகு போவதும், சேதத்தின் படங்களை முன்கூட்டியே அனுப்பி வைப்பதும் நல்லது.

அந்தப் பொருள்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து, ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட்டில் வைக்கலாமே என்று உறவினர் பலர் கேட்டார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளையும், வரலாற்று மதிப்புள்ள ஆவணமானால் எழுபத்தைந்து ஆண்டு கடந்ததையும் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஐயமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகையால் ஊர் வீட்டிலேயே ஏற்பாடு செய்தோம். படங்களுக்கு அமிலமற்ற அட்டை வைத்து, கண்ணாடி தாளில் படாமல் இடைவெளி விட்டு, சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டி, வெளிச்சுவரிலிருந்து உட்சுவருக்கு மாற்றினோம். பெட்டகத்தில் சிலிக்கா ஜெல்லும் ஈரப்பதமானியும் இருக்கின்றன. 65 சதவீதத்தைத் தாண்டி ஈரப்பதம் நீடித்தால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். வசம்பும் அந்துருண்டையும் பூச்சியைத்தான் விரட்டும், பூஞ்சையை அல்ல.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, “வெயில்ல ஒரு நாள் காயப் போட்டா எல்லாம் செத்துப்போகாதா தம்பி?” என்று கேட்டார். வெயில் நிறத்தை உறிஞ்சும், தாளை முறுக்கும் என்று சொல்லி, வறண்ட நாளில் பெட்டகத்தைத் திறந்து வைத்து மழை நாளில் மூடிவிடும்படியும், மானியின் எண்ணை வாரந்தோறும் படமெடுத்து அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். பேரேடுகள் இரண்டும் இன்னும் சென்னையில் இருக்கின்றன. அவற்றின் தையலைப் பிரிக்காமல் துப்புரவு செய்ய முடியுமா என்று அந்தச் சென்னைப் பெண்மணி பார்த்துச் சொன்ன பிறகே அடுத்த வேலை.