கல்லோடு சிக்கிய கூடை: நசுக்குவதா, லேசரில் உடைப்பதா?

ஈஆர்சிபி-யில் (வாய்வழியாக எண்டோஸ்கோப்பை இறக்கிப் பித்தநாளத்துக்குச் செய்யும் சிகிச்சையில்) கல்லைப் பிடித்த கம்பிக்கூடை பித்தநாள வாயில் மாட்டிக்கொண்டு, வெளியேயும் வராமல் கல்லையும் விடாமல் நின்றால், முதலில் கூடையை மேலே தள்ளி விரித்துக் கல்லை உதறப் பார்ப்பார்கள், அதுவும் நடக்காவிட்டால்தான் கீழே சொல்லும் இரண்டும்.

ஒன்று, அவசர லித்தோட்ரிப்டர், அதாவது கூடைக் கம்பியை இறுக்கிக் கல்லை நசுக்கும் கருவி. கூடையின் கைப்பிடியை வெட்டி, பிளாஸ்டிக் உறையை உருவி, எண்டோஸ்கோப்பையும் வெளியே எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கம்பியின் மேல் உலோக உறையை ஏற்றி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி கல்வரை கொண்டுபோய் லித்தோட்ரிப்டரின் கைப்பிடியைத் திருக வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் கம்பி விறைக்கும். கல் நொறுங்கலாம், இல்லை கம்பியே அறுந்துபோகலாம். அறுந்த நுனி உள்ளே நின்றுவிட்டால் தலைவலி இரட்டிப்பு. ஆனாலும் சாமான் எளிது, வேலை சீக்கிரம் முடியும்.

இன்னொன்று, சிக்கிய கம்பியை அப்படியே விட்டு, பக்கத்திலேயே ஸ்கோப்பை மறுபடி இறக்கி, கோலாஞ்சியோஸ்கோப் (பித்தநாளத்துக்குள்ளேயே போகும் மெல்லிய ஸ்கோப்) வழியாகக் கல்லை நேரில் பார்த்து லேசரால் உடைப்பது. இதில் கம்பியைப் பலமாக இழுக்க வேண்டியதில்லை. செலவு அதிகம், பழகிய கை வேண்டும், பாய்ச்சும் சலைனால் நாளத்தில் அழுத்தம் ஏறித் தொற்று பரவாமலும் பார்க்க வேண்டும்.

என் ஓட்டு? கம்பி முழுசாக இருந்தால் லித்தோட்ரிப்டர், ஏற்கெனவே அறுந்திருந்தால் லேசர். அப்புறம், அந்த உலோக உறை அலமாரியில் இருக்கிறதா என்று கூடையை விரிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.