ஊர் மண்டபம் நாடக அரங்கானது: கண்ணுக்கு முழு மார்க், காதுக்குப் பாதி

காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் ஊரில், கல்யாணத்துக்கும் பந்திக்கும் கட்டிய பொது மண்டபத்தில் இப்போது நாடகம் நடக்கிறது. ஒன்றுக்குக் கட்டியதை வேறொன்றுக்கு எடுத்துக்கொள்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. 1940களில் ஏவி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையையே ஸ்டுடியோவாக்கித்தான் ‘நாம் இருவர்’ (1947) எடுத்தது.

பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், வழவழவென்ற சுண்ணாம்புப் பூச்சு எதிலும் கை வைக்கவில்லை. பாராட்டலாம், ஆனால் வில்லங்கமும் அதில்தான். இவற்றில் ஒன்றுகூடச் சத்தத்தை உள்ளே வாங்காது. நாகசுரத்துக்கு அந்த முழக்கம் சுகம். வேகமான வசனத்தில் ஒரு சொல் அடங்குமுன் அடுத்தது வந்து மோதுகிறது. பின்சுவர் மேடையிலிருந்து சுமார் 20 மீட்டர். போய்த் திரும்பும் குரல் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் பிந்துவதால் தனி எதிரொலியாகவே கேட்கிறது. பின்சுவரில் ஜமுக்காளம் அடித்திருக்கிறார்கள், ஆனால் சுவரோடு ஒட்டி. ஒரு சாண் இடைவெளி விட்டு, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் பலன் கூடும். ஆள் நிறைந்தாலும் முழக்கம் குறையும். காலி ஹாலில் ஒத்திகைக்கு வைத்த மைக் அளவு கூட்டத்தில் சரிவராது. முதல் காட்சியிலேயே திருத்த ஒருவர் ஒலி மிக்ஸரில் இருக்க வேண்டும்.

ஸ்பீக்கர் நடிகர்களுக்குப் பின்னால் இருக்கிறது, அதனால்தான் மைக் கூவுகிறது. மைக்குக்கு முன்னே நகர்த்த வேண்டும். 10 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வைத்து, முன் ஸ்பீக்கரின் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஈடாக 30 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால் கடைசி வரிசைக்கும் வசனம் புரியும்.

சங்கரதாஸ் சுவாமிகள் வழி இசை நாடகத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை. பாட்டுக்கு முழக்கம் ஒத்தாசை, அந்த நடிகர்களுக்கு மைக் பார்த்துப் பாடத் தெரியும். நவீன நாடகக் குழுக்கள்தான் யோசித்து இந்த மண்டபத்தை எடுக்க வேண்டும்.

விளக்கைப் பொறுத்தவரை, 1000 வாட் ஹாலஜன் நான்கு போட்டாலே 17 ஆம்பியர் தாண்டும், பழைய 15 ஆம்பியர் பிளக் தாங்காது. எல்இடி கொண்டுவருவதே நல்லது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரையும் ஆர்மோனிய மைக்கையும் ஒரே லைனில் போட்டால் இரைச்சல் நிச்சயம்.

தரை சரிவில்லாதது, மேடை மூன்றடிதான்; ஆறாவது வரிசைக்குப் பின் முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். தூணுக்கு வெளிப்பக்க இருக்கை எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். மூன்று, நான்காம் வரிசை நடுவில் இடம் கேளுங்கள். வசனக் காட்சிகளில் மின்விசிறியை நிறுத்துகிறார்கள், சித்திரை வைகாசியில் கைவிசிறி எடுத்துப் போங்கள். கழிப்பறை பந்தி ஹாலைத் தாண்டிப் பின்கட்டில். வழியில் இரண்டு உயர்ந்த நிலைப்படி உண்டு, முதியவர்களை இடைவேளைக் கூட்டத்துக்கு முன்பே அழைத்துப் போய்விடுங்கள்.