சனிக்கிழமைச் சம்பளம்: சீட்டா, ஆர்டியா, நகைக்கடையா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரை நீட்டுவது நான்தான். செவ்வாய்க்கிழமை, "அண்ணா, ஒரு ஐந்நூறு அட்வான்ஸ் போட்டுக் குடுங்ணா" என்று வருகிறவர்களுக்கு வவுச்சர் எழுதுவதும் நான்தான். பீஸ் ரேட்டில் நன்றாகவே சம்பாதிக்கும் டெய்லர்கூட அந்த வரிசையில் நிற்பார். மூன்று நாளில் பணம் எங்கே போனது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. காதர்பேட்டைக்குப் பையனுக்கு ஒரு டவுசர் எடுக்கப் போய் நாலு டீசர்ட், வரும் வழியில் பிரியாணி, ராத்திரி படுத்துக்கொண்டே போனில் ஒரு ஆர்டர்.

அவரைச் சொல்லி என்ன? இரண்டு கைக்கடிகாரம் இருக்கும்போதே மூன்றாவதை நள்ளிரவில் வாங்கியவன் நான். அதற்குப் பிறகுதான் எந்தச் சேமிப்பு நம் கையைக் கட்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். வட்டியை மட்டும் பார்த்து ஒப்பிடுவதை அப்போதே விட்டுவிட்டேன். எனக்கு இரண்டு கேள்விதான் முக்கியம். ஒரு தவணை கட்டாவிட்டால் யாராவது வந்து கேட்பார்களா? நடுவில் உடைக்க நினைத்தால் எவ்வளவு சிரமம்?

இந்த இரண்டிலும் முதலில் தோற்பது உண்டியலும் வங்கி சேமிப்புக் கணக்கும்தான். என் அம்மிச்சி அடுக்குப்பானைக்குள் சுருக்குப்பையை ஒளித்து வைப்பார். அதை எடுக்க மேலே இருக்கும் நாலு பானையை இறக்க வேண்டும். இன்றைக்கு வங்கிக் கணக்குக்கு மேலே ஒரு பானைகூட இல்லை. 2016-ல் யுபிஐ வந்த பிறகு, டீக்கடை கியூஆர் அட்டைக்கும் நம் சேமிப்புக்கும் நடுவே இருப்பது ஒரு பின் நம்பர் மட்டும். நான் செய்த ஒரே உருப்படியான காரியம், யுபிஐ இணைக்காத, ஏடிஎம் கார்டும் வாங்காத இன்னொரு கணக்கைத் தொடங்கியது. பணம் எடுக்க கிளைக்கே போக வேண்டும். போனால் அரை நாள் போய்விடும். அந்தச் சோம்பேறித்தனமே பாதி சேமிப்பு.

அடுத்தது ஏலச்சீட்டு. நம் ஊரில் சீட்டு போடாத தெரு உண்டா? முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தேதி தவறினால் சீட்டுக்காரர் வாசலில் நிற்பார். கூடச் சீட்டுப் போட்ட பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே சிலர் பிரியாணியைத் தள்ளிப்போடுவார்கள்.

கணக்கைப் பார்ப்போம். மாதாமாதம் சேரும் பணத்தை ஏலம் விடுவார்கள்; அதிகமாக விட்டுக்கொடுப்பவர் எடுத்துக்கொள்வார். அப்படி விட்டுக்கொடுக்கும் தொகைதான் தள்ளு. 20 பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு, கமிஷன் 5 சதவீதம். முதல் மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார். அவர் கைக்கு 75,000. தள்ளியதில் கமிஷன் 5,000 போக மீதி 20,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 1,000; அந்த மாதத் தவணையில் அவ்வளவு குறையும். மாதம் போகப் போகத் தள்ளு குறையும். மொத்தத்தில் ஒவ்வொருவரும் கட்டியது 88,000 என்று வைத்துக்கொண்டால், கடைசியில் எடுப்பவருக்குக் கமிஷன் போக 95,000 வரும். ஏழாயிரம் லாபம், 20 மாதத்துக்கு நல்ல வரவுதான். ஆனால் முதலில் எடுத்தவர் 75,000 வாங்கிக்கொண்டு 88,000 கட்டுகிறார். அது சேமிப்பா? கடன். ஒரே சீட்டு, கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு, முதலில் எடுப்பவருக்கு வட்டிக்கடன்.

சீட்டின் பலவீனமும் இங்கேதான். கை ஓட்டையானவனை ஏலத்தில் உட்கார வைத்தால் சும்மா இருப்பானா? புது பைக் மனதில் ஓடும்; வாய் தானாகத் தள்ளு கேட்கும். எங்கள் கம்பெனியில் ஆறாவது மாதமே சீட்டை எடுத்து, அடுத்த 14 மாதம் முனகிக்கொண்டே கட்டிய கட்டிங் மாஸ்டர் ஒருவர் உண்டு. பைக் மட்டும் நன்றாக ஓடுகிறது.

அப்புறம் பாதுகாப்பு. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டைப் பதிவுத் துறையில் பதிவு செய்ய வேண்டும். கமிஷன் உச்சவரம்பு முன்பு 5 சதவீதம்; பிறகு 7 ஆனது. தெருச் சீட்டில் இருப்பது நோட்டுப் புத்தகமும் நம்பிக்கையும் மட்டும். சீட்டுக்காரர் ஒருநாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டால், போலீஸ் ஸ்டேஷனில் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டு ஏமாந்து 2012-ல் பெருந்துறைப் பக்கம் வரிசையில் நின்ற மண்ணுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அஞ்சலக ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் தொடர் வைப்பு, பார்க்கச் சாதுவாக இருக்கும். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருடம். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமானது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை அறிவித்தாலும், சேர்ந்த நாளில் இருந்த வட்டிதான் உங்களுக்குக் கடைசி வரை. அந்த 6.7-ல் மாதம் 1,000 கட்டினால் 60,000 ரூபாய் 71,300 சொச்சமாகத் திரும்பும். சீட்டின் கடைசி ஆளைவிடக் குறைவு, சரி. ஆனால் இரண்டாவது கேள்வியில் இது கெட்டி. மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும் சேமிப்புக் கணக்கு வட்டிதான். நிஜமான அவசரத்துக்கு, 12 தவணை கட்டியிருந்தால் இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். பைக் ஆசைக்கு அது போதாது. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும்.

தவணை தவறினால் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான் அபராதம். அதற்கு யார் பயப்படுவார்கள்? அதனால் இங்கே கேட்கிற ஆளை நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அஞ்சலக ஆர்டி வசூலிக்கவே மகளிர் முகவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கான கமிஷனை நாம் தர வேண்டியதில்லை, அரசு தருகிறது. எங்கள் வீதிக்கு வரும் அம்மணி மாதம் பத்தாம் தேதி ஸ்கூட்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. போன் ஆப்பிலேயே ஆர்டி கட்டலாமே என்று மகள் சொல்கிறாள். கட்டலாம். ஆப் என்னைக் கூச்சப்பட வைக்காதே!

நகைச் சீட்டைப் பற்றிச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், பரவாயில்லை. பெரும்பாலான கடைகளில் 11 மாதம் கட்ட வேண்டும். வாடிக்கையாளர் முன்பணத்தை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் அது வைப்புத்தொகையாகிவிடும் என்ற விதிதான் அதற்குக் காரணம். சேதாரத்தில் சலுகை உண்டு. மாதாமாதம் கிராமாக வரவு வைக்கும் திட்டமென்றால் விலையேற்றமும் நம் பக்கம். ஆனால் ரொக்கமாகத் திரும்பி வராது. வங்கிப் பணத்துக்கு 5 லட்சம் வரை இருக்கும் காப்பீடும் இதற்கு இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் முடிகிற நாளில். கோவை ராஜவீதியில் 40,000 ரூபாய்ச் சீட்டை முடித்து நகை எடுக்கப் போன நாங்கள், 62,000 ரூபாய் ஆரத்தோடு திரும்பினோம். மீதிக்குக் கிரெடிட் கார்டு. 11 மாதம் ஆசையை அடக்கியது, ஏசி அறையில் கண்ணாடி முன் உட்காரும்வரைதான்.

தீபாவளிப் பண்டு, பாத்திரச் சீட்டு எல்லாம் இதே ரகம். தொகை சிறியது, ரசீது இன்னும் சிறியது. நான் தொடுவதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு ஆர்டி ஓடுகிறது. பதிவு பெற்ற சீட்டு ஒன்றும் உண்டு. அதில் ஏலத்துக்குப் போவது என் மனைவி. நான் போகக்கூடாது என்று ஏற்பாடு. போன மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை டெய்லர் வந்தபோது, வவுச்சரோடு அம்மணியின் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். இந்தச் செவ்வாயும் அட்வான்ஸ் கேட்டார். ஐந்நூறு இல்லை, முந்நூறு.