சர்வதேச நீதிமன்றத்தின் இணையதளம்: எல்லை தாண்டும் குற்ற வழக்குகளைப் படிக்க விரும்புவோருக்கு ஒரு மதிப்புரை

ஒரு நாட்டின் குற்றவியல் சட்டம் அந்நாட்டு எல்லைக்கு அப்பால் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய விரும்புபவர், விலையுயர்ந்த பாடநூல்களைத் தேடுவதற்கு முன்பு, தி ஹேக் நகரில் இயங்கும் சர்வதேச நீதிமன்றத்தின் இணையதளத்தில் சில நாட்களைச் செலவிடலாம். அங்கே கட்டணம் இல்லை. பெயர்ப் பதிவும் கேட்பதில்லை. 1946-இல் பணி தொடங்கிய அந்நீதிமன்றத்தின் தீர்ப்புகளோடு, அதற்கு முன்பிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தின் பழைய தொகுதிகளும் அதே தளத்தில் கிடைக்கின்றன. என்னைப் பொறுத்தவரை, தளத்தின் பெருமதிப்பு அந்தப் பழைய தொகுதிகளில்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்க்க விரும்புபவர் 'ஏ' தொடரின் 10-ஆம் எண்ணைத் திறக்கலாம். அதுவே 1927 செப்டம்பர் 7 அன்று வெளியான லோட்டஸ் தீர்ப்பு. 1926 ஆகஸ்ட் 2, நள்ளிரவுக்குச் சற்று முன்பு, ஏஜியன் கடலில் சிக்ரி முனைக்கு வடக்கே, கான்ஸ்டாண்டிநோபிள் நோக்கிச் சென்ற பிரெஞ்சுத் தபால் கப்பல் லோட்டஸ், போஸ்குர்ட் என்ற துருக்கிய நிலக்கரிக் கப்பலின் மீது மோதியது. துருக்கியக் கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. எட்டுத் துருக்கியர் இறந்தனர். பிரெஞ்சுக் கப்பல் துறைமுகத்தை அடைந்தபின், மோதலின்போது கப்பலோட்டத்தைக் கண்காணிக்கும் பணியில் இருந்த பிரெஞ்சு அதிகாரி, வாக்குமூலம் அளிக்கக் கரைக்கு அழைக்கப்பட்டு, அங்கேயே கைது செய்யப்பட்டார். துருக்கிய நீதிமன்றம் அவருக்கு 80 நாள் சிறையும் 22 பவுண்டு அபராதமும் விதித்தது. திறந்த கடலில் பிரெஞ்சுக் கொடியின் கீழ் நடந்த செயலைத் துருக்கி விசாரிக்கலாமா என்பதே வழக்கு. நீதிபதிகள் ஆறுக்கு ஆறு எனப் பிரிந்து நிற்க, தலைவர் மாக்ஸ் ஹூபரின் முடிவு வாக்கால் துருக்கி வென்றது. நாடுகளின் சுதந்திரத்தின் மீதான கட்டுப்பாடுகளை நாமாக ஊகித்துக்கொள்ள முடியாது என்ற புகழ்பெற்ற கருத்து இத்தீர்ப்பில்தான் இடம்பெறுகிறது. இவ்வளவு பெரிய கோட்பாட்டுக்கு அடித்தளமாக இருந்தது 80 நாள் தண்டனை என்பது, மூல ஆவணத்தைப் படிக்கும்போதுதான் மனத்தில் உறைக்கிறது.

வழக்கறிஞர்களின் வாதங்களை வேறொரு தொடரில் தேட வேண்டும் என்றாலும், அந்தத் தேடலுக்குப் பலன் உண்டு. துருக்கிக்காக வாதிட்டவர் அந்நாட்டின் நீதித்துறை அமைச்சராகவே இருந்த மஹ்முத் எசாத். பின்னாளில் துருக்கியர் அனைவரும் குடும்பப் பெயர் ஏற்க வேண்டிய சட்டம் வந்தபோது, அவர் மூழ்கிய கப்பலின் பெயரையே கொண்டு மஹ்முத் எசாத் போஸ்குர்ட் ஆனார். பிரான்சுக்காக வாதிட்டுத் தோற்ற பாதேவான், பிற்காலத்தில் சர்வதேச நீதிமன்றத்தின் தலைவராகவே அமர்ந்தார்.

இத்தளத்தின் மிகப் பெரிய குறையும் இதே தீர்ப்பில்தான் தெரிகிறது. கடல் மோதலைப் பொறுத்தவரை லோட்டஸ் வகுத்த விதி இன்று நடைமுறையில் இல்லை. 1952-இன் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை, 1958-இன் திறந்த கடல் உடன்படிக்கை, 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 97-ஆம் பிரிவு ஆகியவை, மோதல் வழக்கில் கப்பல் அதிகாரி மீது குற்ற நடவடிக்கை எடுக்கும் உரிமையைக் கொடி நாட்டுக்கும் (கப்பல் எந்த நாட்டின் கொடியுடன் செல்கிறதோ அந்த நாட்டுக்கும்) அவரது சொந்த நாட்டுக்கும் மட்டுமே ஒதுக்கிவிட்டன. தீர்ப்பின் பக்கத்தில் இதைச் சுட்டும் ஒரு வரிகூட இல்லை. நீதிமன்றம் தன் தீர்ப்புக்கு அடிக்குறிப்பு எழுதுவது முறையன்று என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் வழிகாட்டி இல்லாமல் நுழையும் மாணவர், காலாவதியான விதியை நடப்புச் சட்டமென்று நம்பி வெளியேறும் ஆபத்து உண்மையானது. நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டுமே என்பதையும், பழைய தொகுதிகள் அச்சுப் பக்கங்களின் படங்களாகவே இருப்பதால் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குச் சிரமம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அண்மைக் கால வழக்குகளின் பக்கங்கள் ஒழுங்காக அமைக்கப்பட்டுள்ளன. காங்கோ ஜனநாயகக் குடியரசு பெல்ஜியத்துக்கு எதிராகத் தொடுத்த பிடியாணை வழக்கை எடுத்துக்கொள்வோம். பதவியிலிருந்த வெளியுறவு அமைச்சர் யெரோடியா மீது பெல்ஜிய நீதிபதி 2000 ஏப்ரல் 11 அன்று பிறப்பித்த பிடியாணை, அவருக்குரிய விலக்குரிமையை (அயல்நாட்டு நீதிமன்ற நடவடிக்கையிலிருந்து பெறும் பாதுகாப்பை) மீறியது என்று 2002 பிப்ரவரி 14 அன்று 13-க்கு 3 என்ற வாக்கில் தீர்ப்பானது. தன் மண்ணிலும் நடக்காத, தன் குடிமக்களுக்கும் தொடர்பில்லாத கொடுங்குற்றத்தை ஒரு நாடு விசாரிக்கலாமா என்ற கேள்வியை, காங்கோ தன் இறுதிக் கோரிக்கையில் கைவிட்டதால், பெரும்பான்மைத் தீர்ப்பு தொடவே இல்லை. எனவே தீர்ப்போடு நிறுத்துபவர் ஏமாறுவார். நீதிமன்றத் தலைவர் கியோமின் தனிக் கருத்துரையையும், ஹிக்கின்ஸ், கோய்மன்ஸ், பூர்கந்தால் ஆகிய மூவர் கூட்டாக எழுதிய கருத்துரையையும் தனிக் கோப்புகளாகத் திறந்து அடுத்தடுத்துப் படித்தால், லோட்டஸ் விட்டுச் சென்ற சர்ச்சை எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஆறவில்லை என்பது விளங்கும். சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹாப்ரேயை விசாரிக்க வேண்டும், இல்லையேல் ஒப்படைக்க வேண்டும் என்று செனகலுக்கு உத்தரவிட்ட 2012 ஜூலை 20 தீர்ப்பும் இவ்வரிசையில் படிக்கத்தக்கது.

தமிழ் வாசகர் பலர் முதலில் தேடக்கூடிய என்ரிகா லெக்சி வழக்கு மட்டும் இங்கே கிடைக்காது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலுக்கு அப்பால் இத்தாலியக் கப்பலிலிருந்து சுடப்பட்டு இறந்த மீனவர் இருவரில் ஒருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். அவ்வழக்கின் ஆவணங்கள், சர்வதேச நீதிமன்றம் இருக்கும் அதே அமைதி மாளிகையில் இயங்கினாலும் முற்றிலும் வேறு நிறுவனமான நிரந்தர நடுவர் நீதிமன்றத்தின் தளத்தில் 2015-28 என்ற வழக்கு எண்ணின்கீழ் உள்ளன. இத்தாலி 97-ஆம் பிரிவை முன்வைத்ததும், அந்தத் துப்பாக்கிச் சூடு கப்பல் செலுத்துகையில் நேர்ந்த நிகழ்வு அன்று என நடுவர் மன்றம் அதை மறுத்ததும், ஆயினும் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் சுட்ட இத்தாலியக் கடற்படை வீரர்களுக்கு விலக்குரிமை அளித்ததும் அங்கேதான் விரிவாகப் பதிவாகியுள்ளன. லோட்டஸ் தீர்ப்பைப் படித்து முடித்தவர் அடுத்ததாகத் திறக்க வேண்டிய ஆவணம் அதுவே.