எம்35ஏ2 ராணுவ லாரி: மூன்று வருடம் வைத்துப் பராமரித்த பிறகு

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட, இரண்டரை டன் சுமை ஏற்றும் லாரி ஒன்றை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இதை வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வாங்கலாம், அருமையான வண்டி. ஆனால் ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறவர்களுக்கான வண்டி இல்லை. முதலில் பிரேக், அப்புறம் டயர், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்த வரிசை லாரிகளை ரியோ நிறுவனம் வடிவமைத்தது, 1950இல் ராணுவத்துக்கு வந்தன. பிறகு கைசர் ஜீப், ஏஎம் ஜெனரல் என்று கைமாறிப் பல பத்தாண்டுகள் தயாரிப்பில் இருந்தன. காலி எடையே ஆறு டன்னுக்குப் பக்கம். பத்து டயர், மூன்று அச்சு, மூன்றிலும் விசை போகும். பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பவே முடியாது என்றில்லை, ஆனால் தோள் வலிக்கும், வண்டி லேசாக நகர்ந்துகொண்டிருக்கும்போது திருப்பப் பழகிவிட்டால் சரியாகிவிடும்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ வைத்த மல்டிஃப்யூல் எஞ்சின். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் என்று எதிலும் ஓடும்படி செய்திருக்கிறார்கள், அவசரத்துக்குப் பெட்ரோலும் ஓடும். எரிபொருளின் அடர்த்திக்கு ஏற்ப அளவைத் திருத்த பம்பிலேயே ஒரு தனிப் பாகம் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டு, பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டி ஊற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு கோடை முழுக்கச் செய்தேன். ஃபில்டர்கள் அடைத்துக்கொண்டு, ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் நின்ற நாளோடு விட்டுவிட்டேன். நல்ல டீசல் ஊற்றுங்கள், அவ்வளவுதான். இன்னொன்று, நிமிடத்துக்கு 2600 சுற்றுக்கு மேல் எஞ்சினை விடவே கூடாது. இறக்கத்தில் சின்ன கியரில் வேகம் எடுக்கவிட்டால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இப்போது பிரேக். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் ‘ஏர்-பாக்’ (Air-Pak) என்ற பாகத்துக்குப் போகிறது, அங்கே காற்றழுத்தம் சேர்ந்து பலத்தைக் கூட்டி, அச்சு முனைகளில் இருக்கும் ஆறு பிரேக் டிரம்முக்கும் அனுப்புகிறது. நன்றாக நிற்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறு டிரம்முக்கும் சேர்த்து ஒரே சுற்று. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால், டிரம்முக்குள் ஷூவைத் தள்ளும் ஒரு வீல் சிலிண்டர் விட்டுப்போனால், மொத்த பிரேக்கும் போய்விடும். கைபிரேக்கோ, அச்சுகளுக்கு விசையைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் ஒரே டிரம்மைப் பிடிக்கிறது, நிறுத்திய வண்டியைப் பிடித்து வைக்கத்தான் அது, ஓடுகிற ஆறு டன்னை நிறுத்த அல்ல.

என் வண்டியை விற்றவர் பிரேக் எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றார். நம்பி ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது மூன்று வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது, பின் அச்சில், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் விட்டுப்போய் கியர் ஆயில் பிரேக் ஷூ முழுக்க ஊறியிருந்தது. ஊறின ஷூவைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், சூடேறினால் மறுபடியும் ஆயில் கசியும், மாற்றித்தான் ஆக வேண்டும். ஹப்பைத் திறக்க மூன்று அங்குல எண்கோண சாக்கெட் வேண்டும். அதை வாங்காமல் உளியும் சுத்தியலும் வைத்து நட்டைத் திருகுகிறவர்கள் கடைசியில் நட்டையும் கெடுத்து பேரிங்கையும் கெடுத்துக்கொள்கிறார்கள். பிரேக் ஆயில் என்னவென்றும் பாருங்கள். ராணுவம் பின்னாளில் சிலிக்கான் வகைக்கு மாறிவிட்டது. அதுவும் சாதாரண பிரேக் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காது. எது இருக்கிறதென்று தெரியாவிட்டால் முழுவதையும் வடித்து, ரப்பர் பாகங்கள் எல்லாவற்றையும் மாற்றி ஒரே வகையை ஊற்றுங்கள். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்துக்கொள்ளும் மாற்றத்தைப் பலர் செய்கிறார்கள். நானும் இரண்டாவது வருடம் செய்தேன், இந்த வண்டிக்குச் செலவழித்ததிலேயே மனதுக்கு நிம்மதி தந்த செலவு அதுதான்.

டயர் விஷயத்தில் விளையாடவே வேண்டாம். 9.00-20 அளவு, டயரைப் பிடித்து வைக்கத் தனியாக ஒரு பூட்டு வளையம் போட்ட ரிம். அந்த வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் வளையம் பறந்து வந்து ஆளைக் கொன்றுவிடும், செத்தவர்கள் உண்டு. சக்கரத்தைக் கழற்றும் முன்பே வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்கிவிடுங்கள், பின்பக்க ஜோடிச் சக்கரம் என்றால் இரண்டிலும். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான், நீளக் குழாயோடு, தள்ளி நின்று. கூண்டு இல்லையென்றால் லாரி டயர் பார்க்கும் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு இடது மரை, அதாவது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும் என்பதையும் மறக்காதீர்கள். தெரியாமல் வழக்கம்போல இடப்பக்கம் முறுக்கி, நட்டு பூட்டும் ஸ்டட்டை உடைத்த கதை நிறைய.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு பேட்டரி தொடராக. ஒயர் ஒவ்வொன்றிலும் எண் பொறித்த தகடு இருப்பதால் பழுது தேடுவது சுலபம். ரேடியோவுக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்காதீர்கள், இரண்டும் சமமில்லாமல் சீக்கிரம் போய்விடும். ஸ்டார்ட் செய்ய சாவி கிடையாது, நிறுத்துவது கேபிளை இழுத்துத்தான். அந்தக் கேபிள் அறுந்தால் மின்சாரத்தைத் துண்டித்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகவே அதற்கும் எண்ணெய் விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதனுடைய பராமரிப்புப் புத்தகங்கள். ஓட்டுநருக்கு ஒன்று, பட்டறைக்கு ஒன்று, பெரிய பழுதுக்கு ஒன்று என்று எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தப் போல்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எந்த இடத்தில் எந்த கிரீஸ் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். மெக்கானிக் வேலையே தெரியாத இளைஞனும் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து எழுதியிருப்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. நான் அதைப் படித்துத்தான் பேரிங் போடக் கற்றுக்கொண்டேன். இன்றைய கார் ஒன்றை இப்படி நீங்களே பிரித்துப் பூட்ட முடியுமா?

பழைய ராணுவ பெயின்டைக் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள். ரசாயனத் தாக்குதலைத் தாங்கச் செய்த அந்தப் பூச்சின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தண்ணீர் விட்டு, முகமூடி போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஓட்டுவது எப்படி? சத்தம், நல்ல சத்தம். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகத் தோன்றாது. டர்போ சீட்டியடிப்பதைக் கேட்டுத் தெருக் குழந்தைகள் ஓடி வருகிறார்கள், அது எனக்கு இன்னும் சந்தோஷமாகவே இருக்கிறது. வாங்கப் போனால் பெயின்டைப் பார்க்காதீர்கள், குனிந்து பத்து டயரின் உள்பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் வழிந்த தடம் இருந்தால் அந்த ஹப் சீல், ஷூ, சிலிண்டர் எல்லாவற்றின் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.